ஃபாக்லண்டைத் தேடி கிரேட் டியூவுக்கு

ஃபாக்லண்ட் பிரபு என்ற 17ஆம் நூற்றாண்டு ஆங்கில அரசியல்வாதியின் தடம் தேடி இங்கிலாந்தின் கிரேட் டியூ கிராமத்துக்குப் போனேன். பான்பரி ஸ்டேஷனில் டாக்ஸி ஏறுபவர்கள் முழுத் தொகையையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். எனக்கு ஒரு தொகை சொன்ன டிரைவர், கிரேட் டியூவில் இறக்கிவிட்டு, "கிராமத்து ரோடு" என்று கூடுதலாகக் கறந்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக் காசு போச்சு. அநியாயம்!

ஆனால் ஊர் அழகு. பழுப்பு மஞ்சள் கல் வீடுகள், வைக்கோல் கூரைகள். 1630களில் லூஷியஸ் கேரி என்ற ஃபாக்லண்ட் பிரபு, இறையியலாளர் சில்லிங்வொர்த், நண்பர் எட்வர்ட் ஹைட் போன்றவர்களைக் கூட்டி வைத்து, மதம் பற்றிச் சண்டையில்லாமல் பேசிய இடம் இதுதான். செயின்ட் மைக்கேல் தேவாலயத்தில்தான் அவரைப் புதைத்தார்கள். எந்த இடத்தில் என்றுதான் தெரியாது.

பக்கத்திலேயே ஃபாக்லண்ட் ஆர்ம்ஸ். உத்தரம் முழுக்க ஜாடிகள் தொங்கும் பழைய மதுக்கடை. இருந்ததிலேயே மலிவு என்று சூப் வாங்கினேன். கொதிக்கக் கொதிக்க, கெட்டியாக, கூடவே தடிமனான ரொட்டி, நிறைய வெண்ணெய். அந்தக் குளிருக்கு அமிர்தம்!

ஃபாக்லண்ட் கட்சி மாறியவர் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அரசர் சார்லஸ் பாராளுமன்றத்தைக் கேட்காமல் கப்பல் வரி (கடற்படைக்கான வரி) வசூலித்தபோது, அதைச் சரி என்ற நீதிபதிகளை 1640இல் சபையிலேயே வெளுத்து வாங்கியவர் இவர். அடுத்த ஆண்டு பாராளுமன்றம் எல்லை மீறுகிறது என்று பட்டதும் அதையும் எதிர்த்தார். 1642 ஜனவரியில் அரசரின் செயலாளரானார். அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு, நண்பர்கள் நடுவே உட்கார்ந்து "அமைதி, அமைதி" என்று புலம்புவாராம். ஹைட் எழுதி வைத்திருக்கிறார். 1643 செப்டம்பர் 20, நியூபரி போரில், குண்டு பாய்ந்துகொண்டிருந்த வேலி இடைவெளிக்குள் குதிரையைச் செலுத்தி உயிரை விட்டார். வயது 33தான்.

நியூபரியில் 1878இல் வைத்த நினைவுத்தூண் இருக்கிறது. சாலைச் சந்திப்பு, வாகன இரைச்சல். அதற்காக மட்டும் ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பஸ் பிடித்து பர்ஃபோர்டு போங்கள். அங்குள்ள தேவாலயத்தில், தாத்தா டான்ஃபீல்டின் வண்ணக் கல்லறையில் பேரன் லூஷியஸ் மண்டியிட்டிருக்கிறார். லண்டனில் இருந்தால் இன்னும் சுலபம்: பாராளுமன்ற விவாதம் பார்க்க இலவசமாக உள்ளே போகலாம். அங்கே செயின்ட் ஸ்டீபன் மண்டபத்தில் அவர் சிலை நிற்கிறது. 1909இல் வாக்குரிமை கேட்ட பெண் ஒருவர் அதோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். அப்போது உடைந்த, சிலையின் குதிமுள் (குதிரையைத் தூண்டக் குதிகாலில் கட்டும் முள்) இன்னும் அப்படியேதான் இருக்கிறது, காலைக் கவனித்துப் பாருங்கள்.