மதகடி, வரப்பு, வயல்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கடைமடைக் கிராமம் எங்களுடையது. சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பதினொரு பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்க வருகிறார்கள். டென்ஸை எப்படியோ பிடித்துக்கொள்கிறார்கள். இன், ஆன், அட் என்று வந்தால்தான் திணறல்.

பிள்ளைகள் மேல் குற்றமில்லை. மதகடியில் நின்றான், வரப்பில் உட்கார்ந்தான், வயலில் இறங்கினான். நமக்கு மூன்றுக்கும் ஒரே 'இல்'தான், அங்கே மூன்று வேறு சொற்கள். போன வாரம் எல்லோரையும் வாய்க்காலுக்குக் கூட்டிப் போனேன். மதகடியில் ஒருத்தியை நிறுத்தினேன். அது ஓர் இடம், அவ்வளவுதான்: அட். வரப்பு மேல் ஒருவன் உட்கார்ந்தான்: ஆன். இன்னொருவன் பேண்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். நாலு பக்கமும் வரப்பு, நடுவில் அவன்: இன். "அப்ப கிரிக்கெட்ல மட்டும் ஏன் டீச்சர் ஆன் தி ஃபீல்டுங்கறாங்க?" என்று சேற்றிலிருந்தே கேட்டான். நல்ல கேள்வி. ஆட்டக்காரனுக்கு அது ஓடியாடும் தரை. நடவு நடுகிறவர்களுக்கு அது உள்ளே இறங்கி நிற்கிற இடம்.

'கும்பகோணம் இஸ் ஆன் தி காவேரி' என்று எழுதிப் போட்டபோது, "ஊரு தண்ணி மேல மிதக்குதா?" என்றாள் ஒரு சின்னவள். ஆன் என்றால் 'மேலே' என்று மட்டும் மனப்பாடம் செய்ததால் வந்த சங்கடம். சுவரில் மாட்டிய காலண்டருக்கும் ஆன்தான். தொட்டுக்கொண்டு, ஒட்டிக்கொண்டு இருப்பது என்று பிடித்துக்கொண்டால் ஆற்றங்கரை ஊரும் அதில் அடங்கிவிடும்.

ஆன் டைம், இன் டைம் இரண்டையும் நான் மேட்டூரை வைத்துத்தான் சொல்லித் தருவேன். அணை திறக்கிற வழக்கமான தேதி ஜூன் 12. 2025இல் அதே நாளில் திறந்தார்கள், ஆன் டைம். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஆனால் மேட்டூரில் திறந்ததும் எங்களுக்குத் தண்ணீர் வந்துவிடுமா? முக்கொம்பு தாண்டி, கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, கிளை கிளையாகப் போய்த்தான் கடைமடையைத் தொட வேண்டும். நடுவில் ஒரு வாய்க்கால் தூர்ந்து கிடந்தாலும் போச்சு. பயிர் கருகுவதற்குள் வந்து சேர்ந்தால் அது இன் டைம். சொன்ன தேதி வேறு, பயிர் தாங்குகிற கெடு வேறு. இதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் என் தம்பி. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. சம்பா அறுவடைக்கு ஊருக்கு வந்தவன், "திங்கக்கிழமை வரைக்கும் லீவு வேணும்னு எழுதிக் குடுக்கா" என்றான். வியாழன் ராத்திரி, மில் வண்டி வாசலில் நின்ற அவசரத்தில், 'ஐ வில் பி ஆன் லீவ் பை மன்டே' என்று எழுதிக் கொடுத்தேன். 'பை' போட்டால் 'திங்களுக்குள்' என்று ஆகிவிடும். திங்களுக்குள் எப்போதோ லீவு ஆரம்பிக்கும் என்று அங்கே புரிந்துகொண்டார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் சொல்லாமல் நின்றதாகக் கணக்கு வைத்துச் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். அன்டில் என்று எழுதியிருக்க வேண்டும்.

தமிழில் 'வரைக்கும்' வேறு, 'குள்ள' வேறு. நாம் அதைக் குழப்புவதே இல்லை. அம்மா "ஆறு மணிக்குள்ள வா" என்பதற்கும் "ஆறு மணி வரைக்கும் அங்கயே இரு" என்பதற்கும் எந்தப் பிள்ளையும் தடுமாறுவதில்லை. அதனால் இப்போது நேராக இங்கிலீஷுக்குப் போக விடுவதில்லை. முதலில் தமிழில் முழுசாகச் சொல்லச் சொல்கிறேன்: மேலேயா, உள்ளேயா, வரைக்குமா, அதுக்குள்ளேயா. "பந்தை அவன்கிட்ட போட்டியா, அவன் மேல போட்டியா?" என்று கேட்டால் 'டு'வா, 'அட்'டா என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

தம்பி இப்போதும் லீவு லெட்டரை அனுப்புவதற்கு முன்னால் எனக்கு வாட்ஸ்அப்பில் போடுகிறான். மற்றதை விட்டுவிட்டு முதலில் அந்த ஒரு சொல்லைத்தான் பார்க்கிறேன்.