ஆய்வு நிதியில் பஸ் கட்டணமும் அடங்கும்

இளமாணி மாணவர்களின் ஆய்வுகளுக்கென்று பீட மட்டத்தில் ஒரு சிறு நிதியம் அமைக்கலாமா என்ற பேச்சு நான் பணியாற்றும் இடத்தில் மீண்டும் எழுந்திருக்கிறது. இத்தகைய பேச்சு எழும்போதெல்லாம், ஆய்வுகூடத்துக்கு எந்தக் கருவியை வாங்கலாம் என்பதில்தான் விவாதம் தொடங்கும். பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடும். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தில் பிறந்து, மலையகத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்துவருபவன் என்ற வகையில், அந்த நிதியின் முதல் ரூபாய் மாணவரின் கையில் பணமாகச் சேர வேண்டும், அதுவும் செலவு வருவதற்கு முன்னரே சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரச பல்கலைக்கழகங்களில் உள்நாட்டு மாணவர்களுக்கு இளமாணிப் பட்டத்துக்குக் கற்கைக் கட்டணம் கிடையாது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி தோட்டப்புறத்தின் வாசலுக்கு வந்து சேர மேலும் பல பத்தாண்டுகள் சென்றன. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். இன்று நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கான விசேட ஒதுக்கீட்டில் இடம்பெறுவதால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசை வீடுகளிலிருந்து பேராதனை, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகங்களுக்கு வரும் பிள்ளைகளைக் காணமுடிகிறது. 1981இல் தொடங்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் அவர்களுள் பலருக்குக் கிடைக்கிறது. நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகையை 7,500 ரூபாயாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. போர்டிங் வாடகை, சாப்பாடு, போட்டோகொப்பி, ஃபோனுக்கு டேட்டா என்று மாதத்தின் முதற்பாதியிலேயே அது கரைந்துவிடுகிறது. நான்காம் ஆண்டில் ஆய்வேடு கட்டாயம் என்று பாடத்திட்டம் விதிக்கிறது. அதற்கு ஆகும் செலவு யாருடையது என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

அந்தச் செலவு எப்படிப்பட்டது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்வது நல்லது. மலைச்சரிவொன்றில் மழைக்குப் பின்னர் மண் எவ்வளவு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அளப்பது சிக்கலான விஞ்ஞானம் அன்று. உலோக வளையத்தை மண்ணில் அழுத்தி மாதிரியை எடுத்து, காற்றுப் புகாதபடி பொலித்தீனில் கட்டி, நிறையை அளந்து, 105 பாகை செல்சியசில் 24 மணித்தியாலம் அடுப்பில் உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். இரண்டு நிறைகளுக்கும் உள்ள வேறுபாடுதான் மண்ணிலிருந்த நீரின் நிறை. அடுப்பும் தராசும் பீடத்தில் இருக்கின்றன. ஆனால் மண் திம்புளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறது. ஒரு மாணவி ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வளைவுகளைத் தாண்டி, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக அந்தப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். பை கிழிந்தால் ஈரம் போய்விடும். ஈரம் போனால் எண் பொய்யாகிவிடும். ஒரு தடவை போய்வந்தால் போதாது. மழைக்கு முன், மழைக்குள், மழைக்குப் பின் என்று அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பாரம் அதிகமென்றால் கண்டக்டர் பொதிக்குத் தனியாகக் காசு கேட்பார். சரிவிலே துணைக்கு ஓர் ஆள் வேண்டும். அவருக்கு ஒருநாள் வேலை போகும்.

கையில் காசில்லாத மாணவர் இந்த நிலையில் என்ன செய்வார்? இடங்களைக் குறைத்துக்கொள்வார். மேலே, நடுவில், அடியில் என்று சரிவு முழுவதும் எடுக்க வேண்டிய மாதிரிகளை, பாதையோரத்தில் எட்டுகிற இடங்களோடு நிறுத்திக்கொள்வார். மூன்று பருவங்கள் ஒன்றாகிவிடும். ஆய்வேடு பரீட்சகரிடம் போகும்போது, மாதிரிகளின் எண்ணிக்கை போதாது, முடிவுகளைப் பொதுமைப்படுத்த முடியாது என்ற குறிப்பு வரும். அந்தக் குறிப்பில் தவறேதும் இல்லை. ஆனால் பணமின்மை அந்த ஏட்டில் பணமின்மையாகப் பதிவாவதில்லை. ஆய்வு முறையியலின் குறைபாடாக, மாணவரின் ஆற்றலின் அளவாகப் பதிவாகிறது. அதே வகுப்பில், தகப்பனின் வாகனத்தில் களத்துக்குப் போய்வந்த மாணவரின் ஏடு விரிவான தரவுகளோடு முதல் வகுப்புக்கு நெருங்குகிறது. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இருவருடைய புள்ளிகளும் மட்டுமே கணக்கில் வருகின்றன.

விடுமுறைக் காலத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை நிதிக் குழுக்களில் அமர்வோர் மறந்துவிடுகிறார்கள். எங்கள் மாணவர்களில் பலர் விடுமுறை கிடைத்ததும் கொழும்பிலே ஒரு கடைக்கோ, ஊரிலே டியூஷன் கொடுக்கவோ போய்விடுகிறார்கள். 2024இல் வர்த்தமானியில் வெளியான தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,350 ரூபாயாக இருந்தது. அதுவும் பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை போதாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, விழக்கூடிய வேலை. அந்தக் கூலியில் தங்கை தம்பியைப் படிக்கவைக்கும் தாயிடம், இந்த விடுமுறையில் நான் சம்பளமில்லாமல் ஆய்வுகூடத்தில் வேலை பழகப் போகிறேன் என்று சொல்வதற்கு ஒரு பிள்ளைக்கு மனம் வராது. விரிவுரையாளர் விரும்பி அழைத்தும் வராத மாணவரை ஆர்வமில்லாதவர் என்று எழுதிவிடுவது எளிது. அவர் மறுப்பது ஆய்வையா, சம்பளமில்லாத இரண்டு மாதத்தையா என்று கேட்டுப் பார்ப்போர் குறைவு.

இந்தக் கணக்கை மற்ற நாடுகள் எப்போதோ போட்டுவிட்டன. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1969இல் மார்கரெட் மக்விகர் தொடங்கிய இளமாணி ஆய்வுத் திட்டத்தில், மாணவர் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்து உழைக்கும்போது அதற்குச் சம்பளமோ பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகுகளோ பெறலாம். 1980களின் பிற்பகுதியில் அந்நாட்டின் தேசிய விஞ்ஞான மன்றம் வேறொரு திட்டத்தை ஏற்படுத்தியது. சிறு குழுவாக மாணவர்களைத் தெரிந்து, கோடை விடுமுறையில் ஏறத்தாழ பத்து வாரங்கள் வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யவைக்கும் அத்திட்டத்தின் பணத்தில் பெரும்பகுதி மாணவருக்கான கொடுப்பனவாகவே போகிறது; தங்குமிடமும் பயணச் செலவும் பெரும்பாலும் சேர்ந்தே கிடைக்கும். அங்கே புழங்கும் பணத்தின் அளவு நமக்கு எட்டாது. ஆய்வுக்கும் அபிவிருத்திக்குமாக இலங்கை அண்மைய ஆண்டுகளில் செலவிட்டுவருவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அந்தப் பணம் பங்கிடப்படும் ஒழுங்கை எடுத்துக்கொள்ள அந்நியச் செலாவணி தேவையில்லை. நம் நாட்டில் கிடைக்கும் ஆய்வு மானியங்கள் பெரும்பாலும் விரிவுரையாளரையும் பட்டப்பின்படிப்பு மாணவரையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. இளமாணி மாணவர் அவற்றில் கூலி பெறாத கையாளாகத்தான் நுழைகிறார்.

இனி, பணம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்ற விடயம். என்னைப் பொறுத்தவரை, எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட இதுவே முக்கியமானது. நான் அறிந்த ஒரு பீடத்தில் இளமாணி ஆய்வுகளுக்கென்று ஒரு சிறு ஒதுக்கீடு இருந்தது. விதி இதுதான்: மாணவர் முதலில் செலவழிக்க வேண்டும், பற்றுச்சீட்டுகளை ஒட்டி மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு சமர்ப்பிக்க வேண்டும், கணக்குக் கிளை பரிசீலித்துப் பின்னர் மீளளிக்கும். முதலில் செலவழிக்கக் கையில் பணம் உள்ளவருக்கு மட்டுமே உதவுகிற உதவி அது! அந்த ஒதுக்கீட்டில் ஆண்டுதோறும் பணம் மிஞ்சியது. மாணவர்களிடம் தேவை இல்லை என்பதற்கு அந்த மிச்சமே சான்றாகக் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டின் தொகை குறைக்கப்பட்டது. அங்கே படித்த மாணவர் ஒருவர் என்னிடம் சொன்னது ஒரே வரிதான்: "சேர், நாங்க வர்ற பஸ்ஸில டிக்கட்டே குடுக்க மாட்டாங்க, நான் எதை ஒட்டுறது?"

இத்தோடு நாட்காட்டியும் பகையாக நிற்கிறது. அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பல்கலைக்கழகத்தின் கல்வியாண்டோ பெருந்தொற்றுக்கும் பொருளாதார நெருக்கடிக்கும் பிறகு எந்த மாதத்தில் தொடங்கும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டது. விண்ணப்பம் கோரி, குழு கூடி, பீடச் சபை அங்கீகரித்துப் பணம் விடுவிக்கப்படும்போது ஆண்டின் நடுப்பகுதி கடந்திருக்கும். டிசம்பருக்குள் செலவழிக்காத தொகை திரும்பிப் போய்விடும். மேற்குச் சரிவுகளில் தென்மேல் பருவ மழை மே மாதத்தில் இறங்குகிறது. மழையை ஆராய வந்த மாணவருக்கு மழை ஓய்ந்த பிறகு பணம் கிடைப்பதால் பயனில்லை. எனவே நிதியத்தை ஆண்டு ஒதுக்கீடாக வைக்காமல், மிச்சம் அடுத்த ஆண்டுக்குச் செல்லக்கூடிய தனிக் கணக்காக வைக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்துகிறேன். நன்கொடை நிதிகளைப் பல்கலைக்கழகங்கள் இப்படித்தான் நிர்வகிக்கின்றன. புதிதாகச் சட்டம் எதையும் இயற்ற வேண்டியதில்லை.

யாருக்குக் கொடுப்பது என்பதில் சர்ச்சை வரும். புள்ளிகளின்படி கொடுப்பதுதான் வழக்கம், வழக்குக்கும் இடம் வராது. ஆயினும் தமிழ் மொழிமூலம் உயர்தரம் எழுதிவிட்டு முதலாம் ஆண்டில் ஆங்கில விரிவுரைகளோடு மல்லுக்கட்டிய பிள்ளையின் புள்ளி, அவருடைய ஆய்வு நாட்டத்தின் அளவுகோல் ஆகாது. ஒரு பக்கத்தில் கேள்வியை எழுதச் சொல்லலாம், பத்து நிமிடம் அவர் விரும்பும் மொழியில் பேசச் சொல்லலாம். நான்காம் ஆண்டு வரை காத்திருக்காமல் இரண்டாம் ஆண்டு மாணவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்காம் ஆண்டில் ஆய்வைத் தொடங்குகிறவர் அதன் சுவையை அறிவதற்குள் பட்டமளிப்பு வந்துவிடுகிறது.

மலையகத்தைப் பற்றிக் கேட்கப்படாமல் இருக்கும் கேள்விகளுக்குக் குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 31.7 சதவீதம். எண் தெரிகிறது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் நண்பகலில் என்ன சாப்பாடு, கொழுந்து நிறுக்கப் பிந்திய நாளில் தாய் எத்தனை மணிக்கு வீடு சேர்கிறாள், தண்ணீர்ப் பீலி எவ்வளவு தூரம் என்பவற்றை அந்த எண் சொல்லாது. அதை விசாரிக்க லயத்தின் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் எங்கள் விரிவுரை மண்டபங்களில் இருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனபோது, அந்த இடத்தின் ஆபத்து முன்னரே அறியப்பட்டிருந்தது என்பது வெளிவந்தது. அறிந்த பின்னும் மக்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள் என்பதும் ஆய்வுக்குரிய கேள்விதான். அதற்கு மண்ணியலோடு காணி உரிமையின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். கலைப்பீட மாணவருக்கும் இந்த நிதியத்தில் இடம் வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான். பதிவு செய்த நேர்காணலைத் தட்டச்சில் இறக்குவதும், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் சில நாட்கள் தங்கிப் பழைய கோவைகளைப் பார்ப்பதும் செலவில்லாத காரியங்கள் அல்ல.

பணம் எங்கிருந்து வரும்? பழைய மாணவர் சங்கங்களிடமிருந்தும், ஆலோசனைப் பணிகளில் பீடம் ஈட்டும் வருமானத்தில் ஒரு பங்கிலிருந்தும் தொடங்கலாம். 1992 முதல் தோட்டங்களை நிர்வகித்துவரும் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கேட்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பயிர், மண் பற்றிய ஆய்வுகளுக்கு அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. 1925இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகமும் தொழிற்றுறையின் வரியில் வளர்ந்ததுதான். கூலி, குடியிருப்பு, சுகாதாரம் பற்றிய ஆய்வுகளுக்கு அந்தப் பணம் வேண்டாம். தோட்டத்துக்குள் நுழைவதற்கே முகாமையாளரின் அனுமதிக் கடிதம் வேண்டியிருக்கும் இடத்தில், காசும் அவருடையதாக இருந்தால் மாணவர் எழுதப்போவது என்ன என்பது தெரிந்ததே. இன்னொரு கவலையும் உண்டு: மாணவருக்குக் கொடுப்பனவு வந்தால், தங்கள் சொந்த ஆய்வுக்குத் தரவு திரட்ட மலிவான ஆட்கள் கிடைத்தார்கள் என்று சில மேற்பார்வையாளர்கள் மகிழக்கூடும். கேள்வி மாணவருடையது என்பதை விண்ணப்பத்திலேயே உறுதிப்படுத்தி, வெளியாகும் கட்டுரையில் அவர் பெயர் இடம்பெறுவதை நிபந்தனையாக்க வேண்டும்.

நான் சமர்ப்பித்த குறிப்பில், களத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிலையான படியையும், விடுமுறை ஆய்வுக்கு மாதக் கொடுப்பனவையும், இரண்டையும் முற்பணமாகக் கொடுப்பதையும் கேட்டிருக்கிறேன். படி நிலையானதாக இருந்தால் பஸ் டிக்கட்டைத் தேடி ஒட்டும் வேலை இல்லை. மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட களக் குறிப்பேடே சான்றாகப் போதும். கணக்குக் கிளையிலிருந்து வந்த முதற் பதிலில், உத்தியோகத்தர்களுக்குப் பயணப் படி கொடுக்க விதி உண்டு, மாணவருக்கு இல்லை என்று இருந்தது. அப்படியானால் மாணவரை ஆய்வுக் காலத்துக்கு மட்டும் தற்காலிக ஆய்வு உதவியாளராக நியமிக்கலாமே என்று திருப்பி எழுதியிருக்கிறேன். அடுத்த பீடச் சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விடயம் சேர்க்கப்பட்டிருக்கிறது.