நாற்றத்துக்குப் பேர் சொல்லிக் கேளுங்கள்

எங்கள் தோட்டம் ஈரோட்டுப் பக்கம், ஒரு தோல் பதனிடும் ஆலைக்குக் கிழக்கே. ஆடிக் காற்றில் நாற்றம் வந்த வேகத்திலேயே கலைந்துவிடும். மார்கழிதான் கொடுமை. காற்றே அசையாமல் விடியும்வரை அழுகின முட்டை நாற்றம் வீட்டுக்குள் நிற்கும், துலக்கி வைத்த வெள்ளி விளக்கும் சீக்கிரமே கறுத்துவிடும்.

மனு கொடுத்தோம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரர்கள் வந்தார்கள், பட்டப்பகலில் மெஷின் வைத்தார்கள், எல்லாம் அளவுக்குள்தான் என்று அறிக்கை வந்தது. வரிவரியாகப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அளந்தது தூசி, சல்பர் டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு. நாறுவதோ ஹைட்ரஜன் சல்பைடு. முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடு கழிவோடு அமிலத் தண்ணீர் கலந்தால் கிளம்பும் வாயு அது. 2009-இல் வந்த தேசியக் காற்றுத் தரப் பட்டியலின் 12 மாசுகளில் அது இல்லவே இல்லை, அப்புறம் எப்படி அறிக்கையில் வரும்?

தெரிந்த தம்பி ஒருத்தர் கம்பெனியிலிருந்து கை மீட்டர் கொண்டுவந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கிறோம், பூஜ்யம் காட்டுகிறது. அது தொட்டிக்குள் இறங்குகிறவர் உயிரைக் காக்க பிபிஎம் கணக்கில், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு வாயு என்று காட்டும் கருவி. நாற்றத் தொல்லைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ அரை மணி நேரத்துக்கு, கனமீட்டருக்கு 7 மைக்ரோகிராம். பிபிஎம்மில் சொன்னால் சுமார் 0.005, அந்த மீட்டருக்குத் தெரியவே தெரியாத அளவு.

கடைசியில் தனியார் லேப் ஒன்றில் பணம் கட்டி, ஹைட்ரஜன் சல்பைடை அளக்கும் மெத்திலீன் ப்ளூ முறை, ராத்திரியில்தான் எடுக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். வந்த பையன் மொட்டை மாடியில் பம்பை வைத்து, மோர் மாதிரி கலங்கலான காட்மியம் கரைசல் இருந்த கண்ணாடிக் குழாயை அலுமினியத் தாளால் இறுக்கிச் சுற்றினான். "வெளிச்சம் பட்டா புடிச்ச சல்பைடு போயிருமுங்க, காலையில வெயிலுக்கு முன்னாடி எடுத்துருவேன்" என்றான். அதில் லேபில் மருந்து சேர்த்தால் நீலமாகும், வாயு கூடக்கூட நீலமும் கூடும். எங்கள் குழாய் நன்றாகவே நீலமானது, கணக்கு 7-ஐத் தாண்டிப் பல மடங்கு.

அந்த லேப் அறிக்கையோடு, நாற்றம் வந்த தேதி, நேரம், காற்றுத் திசை எழுதிய நோட்டையும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தோம். இந்தத் தடவை விடியற்காலையில் வந்து அந்த வாயுவையே அளந்தார்கள். இப்போது ஆலையில் சல்பைடு கழிவையும் அமிலக் கழிவையும் தனித்தனிக் கால்வாயில் விடுகிறார்கள். நாற்றம் முழுசாகப் போகவில்லை, பாதி ராத்திரியாவது தூங்க முடிகிறது.

பேப்பர் மில் பக்கம் குடியிருப்பவர்கள் மனுவில் மெத்தில் மெர்காப்டன் என்கிற வாயுவையும் சேர்த்து எழுதுங்கள். அங்கே இன்னொரு நாற்றம் அது.