கல் கேட்ட ஆயாவுக்குச் சொன்ன பதில்

அந்த ஆயாவிடம் நான் சொன்னது அறிவியல்படி சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் புதுச்சேரிக்கு வடக்கே கடலோரம் இருக்கிற பொம்மையார்பாளையம் பக்கம் மணல் மாதிரி எடுக்கப் போனால் அந்தப் பேச்சு மனதுக்குள் மறுபடி ஓட ஆரம்பித்துவிடுகிறது.

அன்றைக்கு டிஜிபிஎஸ் என்கிற துல்லிய அளவைக் கருவியின் கம்பத்தை நட்டு, கரையின் உயரத்தை அளந்துகொண்டிருந்தோம்.

"கெவருமெண்டா தம்பி?"

"இல்ல ஆயா, யுனிவர்சிட்டி. ஆராய்ச்சி பண்றோம்."

"எதுவா இருந்தா என்ன. எங்க ஊருக்குத் தூண்டில் வளைவு வேணும்னு எழுது."

கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பைத்தான் தூண்டில் வளைவு என்கிறார்கள். தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். கூட வந்த நண்பன் அதைத்தான் செய்தான். நான், "இங்க கல்லு போட்டா வடக்க இருக்கிற ஊருக்கு மணல் போகாது ஆயா. அங்க கடல் உள்ள வந்துடும்" என்றேன்.

"தெக்க இருக்கிறவங்களுக்குக் கல்லு கொட்டினப்போ, எங்களப் பத்தி இப்படி யாராச்சும் சொன்னாங்களா?"

அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. என்னிடம் பதில் இல்லை.

இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும், ஆனால் மொத்தக் கணக்கில் வடக்குதான். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டியதும் அரிப்பு வைத்திக்குப்பம், கோட்டக்குப்பம் என்று வடக்கே நகர்ந்தது. அப்புறம் அங்கேயும் கல். ஒவ்வொரு ஊரும் தன் அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு "எழுதுறேன் ஆயா" என்று எப்படிச் சொல்வது?

சரி, வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே விடலாம். தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே நீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு, நகரத்தின் முன்னால் மணல் திரும்பியதைக் கண்ணாலேயே பார்த்தோம். என் ஆய்வேட்டிலும் மணலை வடக்கே கொண்டு சேர்ப்பதைத்தான் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும், ஆண்டுதோறும் வேலை நடக்க வேண்டும். கல் ஒரு தடவை கொட்டினால் நிற்கும். அடுத்த புயலுக்குள் வீடு போய்விடுமோ என்று பயப்படுகிறவர் எதைக் கேட்பார்?

இன்னொன்று எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. வடக்கே இருக்கிற ஊர் என்றேனே, அந்தத் திசையில்தான் காலாப்பட்டும் அங்கே எங்கள் பல்கலைக்கழக வளாகமும் இருக்கின்றன. அதை நினைத்து நான் பேசவில்லை. ஆனால் அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்?

ஜூனியர்கள் களத்துக்குக் கிளம்பும்போது, "ஊர்க்காரங்க கேட்டா உடனே கருத்துச் சொல்லாதீங்க, முடிவு வரட்டும்" என்கிறேன். நல்ல அறிவுரை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஆயாவிடம் நானும் வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று இதுவரை தோன்றவில்லை. அவர் நேராகக் கேட்டார், எனக்குப் பதில் தெரிந்திருந்தது.