இட்லிப்பூவின் முதல் கொத்து

காலையில் வாளியோடு போனவள் அப்படியே நின்றுவிட்டேன். இட்லிப்பூச் செடியில் முதல் கொத்து!

போன கோடையில் இலையெல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன்.

பாவம், அதற்கு இரும்புச்சத்து வேண்டியிருந்தது. சுவரோரம் கிடந்த சிமென்ட் காரையால் மண்ணில் சுண்ணாம்பு ஏறி, இருந்த இரும்பையும் வேரால் எடுக்க முடியவில்லை.

தொட்டிக்கு மாற்றினேன். செம்மண், மட்கிய சாணம், இரும்புச்சத்துக்கு ஒரு சிட்டிகை அன்னபேதி உப்பு. நுனிகளைக் கிள்ளிவிட்டேன், புதுத் துளிரின் நுனியில்தானே இது பூக்கும்.

ஆநிரை கவரப் போன சங்ககால வீரர்கள் சூடிய வெட்சி இதுதான். எங்களுக்கோ, பள்ளி விட்டு வரும் வழியில் நரம்பை உருவித் தேன் உறிஞ்சிய பூ.

இன்றும் ஒன்றை உருவினேன். நுனியில் அதே சின்னத் துளி.

மகளைக் கூப்பிட்டேன்.