பத்தமடைப் பாய்க்கு ஒரு விளம்பரப் படம்: உரிமங்களைப் படித்துத் தேறிய அனுபவம்

பத்தமடையில் பாய் நெய்யும் பெண்கள் குழு ஒன்று, இணையத்தில் விற்பனை செய்வதற்காக இரண்டு நிமிடத்துக்குள் ஒரு விளம்பரப் படம் கேட்டது. கோரை கிழிப்பதிலிருந்து பட்டுப்பாய் தறியைவிட்டு இறங்குவது வரை படம்பிடித்தாயிற்று. பாளையங்கோட்டைக்குத் திரும்பி எடிட்டிங்கில் உட்காரும் முன் குழுத் தலைவி கேட்டார்: "நாளைப் பின்னே யாராவது காசு கேட்டு வந்து நின்றால் நாங்கள் எங்கே போவோம், தம்பி?" நியாயமான கேள்வி. இதற்கு வாய்வார்த்தையாகப் பதில் சொல்லக் கூடாது என்று உரிமங்களை வரிவரியாகப் படித்தேன்.

மென்பொருள் விஷயம் சீக்கிரம் முடிந்தது. நான் பயன்படுத்தும் எடிட்டிங் மென்பொருளான கேடென்லைவ், ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வருகிறது. அந்த உரிமம் நிரலைப் பிரதியெடுப்பது, மாற்றுவது, பிறருக்குக் கொடுப்பது பற்றித்தான் பேசுகிறது. அந்த மென்பொருளில் நாம் செய்யும் படம் நம்முடையது. இன்னொரு எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் கூலிக்கு வேலை செய்யலாம். ஸ்டுடியோ என்ற கட்டணப் பதிப்புக்கே உரிய எஃபெக்டுகளைத் தொட்டால்தான் வாட்டர்மார்க் விழும்.

என்னை உண்மையில் நிறுத்தியது கேமரா கையேட்டின் கடைசிப் பக்கம். ஏவிசி, அதாவது எச்.264 என்னும் சுருக்க முறையில் பதிவாகும் வீடியோ 'தனிப்பட்ட, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்' என்று அங்கே அச்சிட்டிருந்தது. திருமண வீடியோ எடுப்பவர்கள் எல்லோரும் கவலைப்பட வேண்டிய வாசகம் போலத் தெரிந்தது. தேடிப் படித்தபின் விளங்கியது: அது காப்புரிமைக் கட்டணம் பற்றியது. கருவிக்கான பங்கைத் தயாரிப்பாளர் கட்டுகிறார். உள்ளடக்கத்துக்கான கட்டணம், படங்களைத் தலைப்பு வாரியாக, அதாவது ஒவ்வொன்றாகத் தனி விலைக்கோ, சந்தா வழியாகவோ விற்பவர்களைக் குறிவைத்தது. தலைப்பு வாரி விற்பனையிலும் 12 நிமிடமோ அதற்குக் குறைவோ ஆனால் கட்டணம் இல்லை. இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் வீடியோவுக்குக் கட்டணம் வாங்குவதில்லை என்று அந்தக் காப்புரிமைகளுக்கு அப்போது உரிமம் வழங்கிய எம்பெக் எல்ஏ நிறுவனம் 2010இலேயே அறிவித்துவிட்டது. எங்கள் படத்துக்கு அந்த வாசகத்தால் இடைஞ்சல் இல்லை.

ஆனால் இசை வேறு கதை. மென்பொருளை வணிகத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதால் அதனுள் கிடைக்கும் பாட்டையும் டெம்ப்ளேட்டையும் பயன்படுத்தலாம் என்று ஆகாது. அவற்றுக்குத் தனி விதி, தனி உரிமையாளர். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் பகிரப்படும் இசையில் என்சி (வணிகப் பயன்பாடு கூடாது) என்று இருந்தால் விளம்பரத்துக்கு உதவாது; இது பலருக்கும் தெரியும். என்டி (தழுவல் கூடாது) பற்றித்தான் தெரிவதில்லை. ஓர் இசையை ஓடும் காட்சியோடு பொருத்தினாலே அது தழுவல் ஆகிவிடும் என்று அந்த உரிமமே சொல்கிறது. ஆகவே என்டியும் கூடாது. எஸ்ஏ என்றால் நம் படத்தையே அதே உரிமத்தில் விட வேண்டியிருக்கும். மிஞ்சுவது பெயர் போட்டால் போதும் என்கிற பிஒய், எந்த நிபந்தனையும் இல்லாத சிசி0 இரண்டும்தான்.

அப்படிக் கிடைத்த எந்த இசையும் பத்தமடைக்கு ஒட்டவில்லை. பக்கத்து ஊர் நையாண்டி மேளக் கலைஞர்களை அழைத்து, அவர்கள் சொந்தமாகக் கட்டிய மெட்டை வாசிக்கச் செய்து பதிவு செய்தோம். செலவு கூடினாலும் படத்துக்கு உயிர் வந்தது அதனால்தான். இங்கேயும் எழுத்து வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கையெழுத்திட்டுத்தான் மாற்றித் தர முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். பாய் சிங்கப்பூருக்கும் போகும் என்பதால் 'உலகம் முழுவதும்' என்பதையும் ஆண்டுக் கணக்கையும் தெளிவாக எழுதினோம். கலைஞர்களுக்கு அதைப் படித்துக் காட்டி, சந்தேகம் தீர்த்த பிறகே கையெழுத்து வாங்கினேன்.

எழுத்துருவுக்கு முக்த மலர் எடுத்துக்கொண்டேன். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வருவது. எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது, படத்தில் தாராளமாகப் போடலாம். எங்கிருந்து வந்தவை என்றே தெரியாமல் கணினிகளில் கிடக்கும் எழுத்துருக்களைத் தொடவில்லை.

கடைசியாக, படம் யாருடையது? பணம் பெற்று ஒருவருக்காக எடுத்துக் கொடுக்கும் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு. அது குழுவுக்கே போகட்டும்; என் வேலைக்கு மாதிரியாகக் காட்டிக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டு ஒரு வரி சேர்த்தேன். ஒப்புக்கொண்டார்கள். உரிமப் பக்கங்களின் நகல்களையும் கலைஞர்களின் ஒப்பந்தத்தையும் ஒரே கோப்புறையில் போட்டுப் படத்தோடு தலைவியிடம் கொடுத்தேன். விதிமுறைகள் பின்னால் மாறக்கூடும் என்பதால் ஒவ்வொரு நகலிலும் எடுத்த தேதி இருக்கிறது.