ஆபீஸ் கவுன்சலிங்: எனக்குக் கிடைத்த 6 அமர்வுகள்

எங்கள் ஆபீஸ் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஒரு டோல் ஃப்ரீ நம்பர், அதற்குக் கீழே 'பேசலாம் வாங்க' என்று ஒரு வரி. மூன்று வருடமாகத் தினமும் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். நமக்கானதில்லை என்றுதான் நினைப்பு.

போன ஆகஸ்டில் என் டீமிலிருந்து 3 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். பட்டியல் நான் போட்டதில்லை. ஆனால் ஒவ்வொருவராகக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னது நான்தான். மூன்றாவது ஆள் ஐந்து வருடம் என்னோடு ஒரே கேபில் வந்த தம்பி. "சரிண்ணா" என்றான், அவ்வளவுதான். ஐ.டி. கார்டைக் கழற்றி, அதன் கயிற்றைச் சுற்றி மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். மடித்த கயிறு நிற்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லப் பிரிந்து விரிந்தது.

அதற்கப்புறம் தூக்கம் போனது. இரவு 3 மணிக்கு டாண் என்று விழிப்பு வந்துவிடும். பெண் பென்சிலை உருட்டினால்கூட எரிந்து விழுந்தேன். ஒரு நாள் எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலில் பச்சை விழுந்ததே தெரியாமல் நின்றிருக்கிறேன். பின்னாலிருந்த எம்.டி.சி. பஸ் அடித்த ஹாரனில்தான் சுயநினைவு வந்தது. அன்றைக்குத்தான் அந்த ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்தேன்.

கூப்பிட்டதும் முதல் கேள்வி: "எம்ப்ளாயி ஐ.டி. சொல்லுங்க சார்." கட் பண்ணிவிட்டேன். ஐ.டி. கொடுத்தால் எச்.ஆருக்குப் போகும், எச்.ஆருக்குப் போனால் அடுத்த பட்டியலில் நான். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்கைப் போட ஒரு நொடி போதும். இன்னொன்றும் உண்டு. சென்னையில் வளர்ந்தவனுக்குக் கீழ்ப்பாக்கம் என்பது வெறும் ஏரியா பெயர் இல்லை. 1794-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் பள்ளிக்கூட நாளிலிருந்தே அது ஒரு கேலிச்சொல். நானும் சொல்லிச் சிரித்தவன்தான்.

பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை கேள்வியை நான் ஆரம்பித்தேன்: நான் பேசுவது யாருக்கெல்லாம் போகும்? அந்தப் பெண் நிதானமாகச் சொன்னார். அவர்கள் எங்கள் கம்பெனி இல்லை, ஒப்பந்தத்தில் இந்தச் சேவையைத் தரும் வெளி நிறுவனம். ஐ.டி. கேட்பது நான் இந்தக் கம்பெனி ஆள்தானா என்று சரிபார்க்க. கம்பெனிக்கு எத்தனை பேர் பேசினார்கள் என்ற மொத்தக் கணக்குதான் போகும், பெயர் போகாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நான் கொடுக்கும் அவசர எண்ணைக் கூப்பிடுவார்கள். மேனேஜரே ஒருவரை அனுப்பிவைத்தால், வந்தாரா இல்லையா என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்படும். நானாகக் கூப்பிட்டதால் எனக்கு அதுவும் இல்லை. இதையெல்லாம் ஸ்டிக்கரில் போட்டிருந்தால் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

வருடத்துக்கு 6 அமர்வுகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம், போனில். செலவு கம்பெனியுடையது. மனைவி, குழந்தைக்கும் உண்டு.

முதல் கவுன்சலர் வேறு ஊர்க்காரர், ஆங்கிலத்தில் பேசினார். நானும் கிளையண்ட் காலில் பேசுவது மாதிரியே பேசினேன். நடுவில் 'ஆக்‌ஷன் ஐட்டம்' என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர் குடியுங்கள், நடங்கள், படுக்கும் முன் போன் வேண்டாம் என்றார். இதெல்லாம் என் பெண்ணின் ஸ்கூல் டைரியிலேயே அச்சடித்திருக்கிறது. ஆளை மாற்றித் தர முடியுமா, தமிழில் பேசுகிறவர் வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் மாற்றினார்கள். கேட்டால் மாற்றுவார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

எங்கே உட்கார்ந்து பேசுவது என்பது அடுத்த பாடு. மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் வீடு. அம்மா, மனைவி, பெண், எந்நேரமும் ஓடும் டிவி. கடைசியில் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டேன். துணி எடுக்க வரும் மூன்றாவது மாடி மாமி, "ஆபீஸ் காலா?" என்பார். ஆமாம் மாமி என்பேன். அதுவும் பொய் இல்லையே.

இரண்டாவது கவுன்சலர் ஒரு கேள்வித்தாள் அனுப்பினார். கடந்த 2 வாரத்தில் தூக்கம், பசி, எதிலும் ஈடுபாடு எப்படி என்று 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூடக் கூட நிலைமை மோசம் என்று அர்த்தம். எனக்கு 14 வந்தது. அப்புறம் கேட்டார், "அந்த 3 மணிக்கு என்ன சார் ஓடுது மனசுல?" கயிறு என்றேன். அதைச் சொன்னபோதுதான் அழுகை வந்தது. நல்லவேளை, மாமி வரவில்லை.

'உங்க தப்பு எதுவும் இல்லை' என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அந்த அறையில் நடந்ததை ஒவ்வொரு வரியாக எழுதச் சொன்னார், பக்கத்தில் 'இது என் கையில் இருந்ததா' என்று குறிக்கச் சொன்னார். 16 வரி எழுதினேன். என் கையில் இருந்தவை இரண்டு. ஒன்று, முந்தின நாளே தெரிந்தும் கேபில் வாய் திறக்காமல் வந்தது. அதுகூடச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. இரண்டாவது, அவன் எழுந்தபோது நான் எழவில்லை. லிஃப்ட் வரைக்கும்கூடப் போகவில்லை. "இது உங்களோடதுதான். மிச்சம் 14 உங்களோடது இல்ல. அதையும் சேர்த்துத் தூக்கிட்டு ஏன் நடக்கணும்?" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று அமர்வு ஆனது.

தூக்கம் மட்டும் சரியாகவில்லை. மாத்திரை எழுதும் வேலை கவுன்சலருடையது இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். உடல் நோய்க்கு எப்படியோ மனநோய்க்கும் அப்படியே காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் எங்கள் பாலிசியில் படுக்கையில் சேர்ந்தால்தான் எந்த நோய்க்கும் பணம். டாக்டர் ஃபீஸும் மாத்திரையும் என் பாக்கெட்டிலிருந்துதான். ஆறு வாரம் சாப்பிட்டேன், பிறகு டாக்டரே குறைத்து நிறுத்தினார். கடைசி அமர்வில் அதே கேள்வித்தாளில் 6 வந்தது.

நடுவில், டிசம்பரில், அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. மறுநாள் அவனே கூப்பிட்டான். நான் கவுன்சலிங் போவதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அந்தப் பச்சை ஸ்டிக்கரா? அது எனக்கும் உண்டாண்ணா இப்போ?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்போதைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கொடுத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், எந்த ஐ.டி. கார்டும் வேண்டாம்.

அப்புறம் எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டேன். 11 நாள் கழித்துப் பதில் வந்தது: வேலையை விட்ட நாளிலிருந்து 30 நாள் வரை அந்தச் சேவையைப் பயன்படுத்தலாம். இதை அந்த மூன்று பேரில் ஒருவரிடமும் யாரும் சொன்னதில்லை. ஆபீஸ் மெயிலும் அன்றைக்கே மூடப்பட்டுவிட்டது, ஸ்டிக்கரோ உள்ளே இருக்கும் கதவில். அனுப்பும் கடிதத்திலேயே இதை ஒரு வரி சேருங்கள் என்று கேட்டேன், நம்பரோடு. சேர்த்தார்கள்.

பிப்ரவரியில் கொடுத்த கடிதங்களில் அந்த வரி இருந்தது. ஆமாம், பிப்ரவரியில் இன்னொரு பட்டியல் வந்தது, என் டீமில் 2 பேர். இந்த முறை லிஃப்ட் வரை போனேன்.